ரேடாருக்குத் தெரியாத மாமா

என் சின்ன மாமாவைக் காட்டிக்கொடுத்தது நான்தான். வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானும் இதுவரை வாய் திறந்ததில்லை.

அப்போது காமயகவுண்டன்பட்டியில் ஐந்தாம் வகுப்பு படித்தேன். அம்மாவின் தம்பியான மாமாவுக்கு விமானப்படையில் வேலை. அவர் விமானம் ஓட்டுகிறார் என்றே ஊரில் நினைத்தார்கள். நாங்களும் மறுக்கவில்லை. உண்மையில் அவர் மெக்கானிக். குண்டு போடும் விமானங்களைச் சோதித்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர். அவற்றில் சிலவற்றுக்கு மாமாவின் வயதாம்.

லீவில் வந்தவர் இரண்டு மாதமாகியும் திரும்பவில்லை. லீவுக்கு முன்னால் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு விமானம் விழுந்துவிட்டது. அதை ஓட்டி இறந்துபோனவருக்கு பெல்ட் மாட்டிவிட்டதும் மாமாதான். விசாரித்துவிட்டு, இவர்மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாமா மட்டும் அதை நம்பவில்லை.

“பழசையெல்லாம் கழிச்சிட்டு புதுசு வாங்கப் போறதாப் பேசிக்கிறாக. அது வரட்டும்க்கா, போறேன்” என்பார் அம்மாவிடம்.

“மாப்ள, நம்ம ஊரு டவுன் பஸ்ஸையே இன்னும் மாத்தல. ஏரோப்பிளேன மாத்திருவாகளாக்கும்?” என்பார் அப்பா. மாமா சிரிக்க மாட்டார்.

மாமாவைப் பிடித்து அனுப்பச் சொல்லி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கடிதம் வந்திருப்பதாக அப்பாவின் காதுக்கு எட்டியது. அன்றே அவரை எங்கள் திராட்சைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். ராத்திரி பம்புசெட் அறையில் படுக்கை, பகலெல்லாம் பந்தலுக்கடியில். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான்தான் சோறு கொண்டுபோவேன். இரண்டு வாய் தின்றுவிட்டு மூடி வைத்துவிடுவார்.

ஒருநாள், புது விமானம் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

“ரேடார்னு ஒரு மிஷின் இருக்கு ஆத்தா. எம்புட்டுத் தூரத்துல விமானம் வந்தாலும் காட்டிக் குடுத்துரும். வெளிநாட்டுல இப்ப புதுசா ஒண்ணு செஞ்சிருக்காக. அது பாட்டுக்கு மேல போகும், மிஷின்ல ஒண்ணும் தெரியாது.”

“நீங்க இங்கன ஒளிஞ்சிருக்கிற மாதிரியா மாமா?”

மாமா மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமாத்தா, அப்படித்தான்” என்றார்.

புது விமானத்துக்காகத்தான் மாமா இப்படிப் பழகிக்கொண்டிருக்கிறார் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் போலிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

“அவன் ரயிலேறி இருபது நாளாச்சு சார். போயிச் சேந்தானான்னு ஒரு கடுதாசிகூட இல்ல” என்றார் அம்மா. அம்மா இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வார் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர்களும் நம்பித்தான் கிளம்பினார்கள். வாசலைத் தாண்டும்போது, வயதானவர் என்னைப் பார்த்து, “நீ சொல்லு பாப்பா, மாமா எங்கன இருக்காக?” என்று விளையாட்டாகக் கேட்டார்.

“எங்க மாமா ரேடாருக்கே தெரிய மாட்டாக. நீங்க தோட்டத்துக்கே போனாலும் உங்களுக்குத் தெரிய மாட்டாக.”

இளையவர் சிரித்துவிட்டார். வயதானவர் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

நானும் அவர்கள் பின்னாலேயே தோட்டத்துக்கு ஓடினேன். மாமா தப்பிக்கப் பார்க்கவில்லை. பந்தலுக்கடியிலிருந்து குனிந்து வந்து நிமிர்ந்து, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

“வாங்க தம்பி. அடிக்க மாட்டோம், பயப்படாதீங்க” என்றார் வயதானவர்.

“திரும்பவும் கையெழுத்துப் போடச் சொல்லுவாகளா சார்?”

“அது எனக்கெப்படித் தெரியும்? வாங்க.”

மாமா என்னிடம், “அக்காகிட்டச் சொல்லு, பிள்ளைய அடிக்க வேணாம்னு” என்றார். எதற்காக அடிப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மாமா சிறையில் இருந்தார். வேலையும் போயிற்று. பழைய விமானங்கள் அதற்குப் பிறகும் பல வருடம் பறந்தன. ஊருக்குத் திரும்பிய மாமா, ரேஷன் கடையில் கையெழுத்துக் கேட்டால் கட்டைவிரலை நீட்டினார். பன்னிரண்டாவது படித்தவர். இன்றும் அப்படித்தான். என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று நான் வீட்டுக்கு ஓடிவந்து மாமா சொன்னதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாமாவுக்கென்று பொரித்த முட்டை தட்டில் ஆறிக்கிடந்தது. எனக்குப் பசித்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அம்மா தலையை மட்டும் அசைத்தார். தப்பு செய்திருந்தால் முட்டை கொடுப்பார்களா என்று நினைத்துக்கொண்டு, அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுவதையும் தின்றேன்.