ஒரு தொன் என்று எழுதினேன்

எழுபதுகளின் நடுப்பகுதியில், அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ண் நகரின் தென்கிழக்கில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பிக்கப் வாங்க வருகிறவர்களுக்கு ஓடர்ப் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பின்னால் பாரம் ஏற்றும் அந்தப் பிக்கப்பை அங்கே யூட் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் எஞ்சினியராக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற எண்ணத்தோடுதான் போனேன். முதல் நாளே தலை சுற்றிவிட்டது.

எங்கள் ஊரில் லொறி வாங்குகிறவன் லொறியைத்தான் வாங்குவான். எஞ்சின் அதற்குள் இருக்கும். இங்கே ஒரே யூட்டுக்கு நாலு எஞ்சின்: ஆறு சிலிண்டரில் சின்னதும் பெரியதும், எட்டில் சின்னதும் பெரியதும். முன்பெல்லாம் யூட் என்பது பின்பக்கத்தை வெட்டியெடுத்த கார்தானாம். பிறகு அடிச்சட்டம் தடித்தது, பின்னால் அகலமான தட்டு வந்தது, ஒரு தொன், அதாவது ஆயிரம் கிலோ, ஏற்றலாம் என்று தகடு அடித்தார்கள். பாரம் கூடக் கூட எஞ்சின்களும் கூடின. ஆனால் யாருக்கு எது பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை. வெறும் தட்டோடு ஓடித் திரிகிறவர்கள் பெரிய எட்டைக் கேட்டார்கள். ஏன் என்று கேட்டால் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். மனைவிக்கு அப்போது ஆறு மாதம். அவள் தினமும் கேட்பாள், “இண்டைக்கு ஒருத்தரோடையும் வாய்த்தர்க்கம் படேல்லைத்தானே?”

இரண்டாவது மாதத் தொடக்கத்தில் ஒரு இத்தாலிக்காரர் வந்தார். கோவா பயிரிடுகிறவர், முட்டைக்கோசைத்தான் நாங்கள் கோவா என்போம். என்னைப் போலவே அவருக்கும் ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. நான் ஊரில் செய்த வேலையைச் சொன்னதும், எந்த எஞ்சின் நல்லது, எஞ்சினியர் நீதான் சொல்ல வேண்டும் என்றார். அந்த ஒரு சொல்லில் நான் குளிர்ந்துபோனேன். தாளை எடுத்தேன். தகட்டில் இருந்த ஒரு தொன்னை வைத்துக் கணக்குப் போட்டேன். சின்ன ஆறே போதும், எட்டு பெற்றோலைக் குடித்துத் தீர்க்கும் என்றேன். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஒன்றரை மாதம் கழித்து அந்த யூட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மலைப்பக்கத்துக் கடைகளுக்குக் கோவா கொண்டுபோகும்போது ஏற்றத்தில் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பாரம் இறக்காமலே வந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். இரண்டு தொன்னுக்குக் குறையாது.

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஊரில் எவன் தகட்டைப் பார்த்து லொறியில் பாரம் ஏற்றினான்? வெங்காய மூட்டையைக் கயிறு எட்டும் உயரத்துக்கு அடுக்குவார்கள். நானே அதற்குத் தக்கபடிதான் அங்கே கணக்குப் பார்த்தேன். விமானத்தை விட்டு இறங்கியதும், வெள்ளைக்காரன் நாட்டில் எழுதிவைத்தால் எழுதிவைத்தபடிதான் நடக்கும் என்று நம்பிவிட்டேன். எவ்வளவு ஏற்றுவீர்கள் என்று அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. நீதானே சொன்னாய் என்று மட்டும் கேட்டார்.

உத்தரவாதத்தில் புது எஞ்சின் கேட்கும் படிவத்தையும் நான்தான் நிரப்ப வேண்டும். ‘ஏற்றியிருந்த பாரம்’ என்று அதில் ஒரு கோடு இருந்தது. இரண்டு தொன் என்று எழுதினால் எஞ்சின் கிடைக்காது. அந்த மனிதரின் அறுவடை தோட்டத்திலேயே அழுகும். ஒரு தொன் என்று எழுதி அது பொய் என்று பிடிபட்டால் என் வேலை போய்விடும். வேலை நிரந்தரமாக இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் இருந்தது. பயமாக இருந்தது. ஒரு தொன் என்று எழுதினேன்.

முதலாளி படிவத்தை வாசித்தார். எழுந்து ஜன்னலடிக்குப் போய் முற்றத்தில் நின்ற யூட்டைப் பார்த்தார். கோவாக் குவியல் சாரதியின் தலைக்கு மேலே ஒரு முழம் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

புது எஞ்சின் வந்தது. இரண்டு கிழமை கழித்து எனக்கு நிரந்தரக் கடிதமும் வந்தது. கொடுக்கும்போது முதலாளி, உனக்குப் பாரத்தைப் பற்றி நல்ல விளக்கம் இருக்கிறது என்றார். முகத்தில் சிரிப்பில்லை. புகழ்ந்தாரா, குத்தினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று இத்தாலிக்காரர் கொடுத்த ஒரு பெட்டி கோவாவோடு வீட்டுக்குப் போனேன்.

“வேலை நிரந்தரமாச்சோ?” என்றாள் மனைவி.

“ஓம்.”

“பிறகேன் முகம் இப்பிடிக் கிடக்கு?”

அந்தக் கடிதம் பாரத்தைப் பற்றித் தெரிந்துகொண்டவனுக்குக் கிடைத்ததா, பொய் எழுதியவனுக்குக் கிடைத்ததா என்று அவளிடம் கேட்க வாயெடுத்தேன். அவள் கோவாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பேருக்கு இவ்வளவோ? உங்களுக்கு ஒரு அளவு தெரியாதே?” என்றாள்.