முட்சங்கன் கிளை

சாலை வளைவில் சைக்கிள்களுக்குப் பஞ்சர் ஒட்டிய அவரை எல்லோரும் ‘காற்றுக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் டயருக்கெல்லாம் காற்றடித்த மனுஷனுக்குத் தன் நெஞ்சுக்குள் மட்டும் காற்று இறங்க மறுத்தது. இழுப்பு.

கடைக்கு எதிரே ஒரு முட்சங்கன் புதர். மழை பொய்த்துச் சுற்றிலும் எல்லாம் கருகினாலும் அது மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கும். கணுவுக்குக் கணு முள். நாட்டு மருந்துக்கடை நடத்தும் பெண்மணி சைக்கிளில் வந்து அதன் இலையைப் பறித்துப்போவாள். காயவைத்து இடித்து அவருக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவருவாள்.

“வெந்நீர்ல போட்டுக் குடிங்கண்ணே. அந்த பீடிய விட்டுத் தொலைங்க.”

அந்தக் கோடையில் கடை ஈயோட்டியது. ஒருநாள் விடிந்தும் விடியாமலும், புதரில் ஒரு கிளையை ஒடித்து வளைவில் போட்டார். சிலர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மனசு உறுத்தியது. இருந்தும் மறுநாளும் போட்டார்.

அதற்கடுத்த நாளும் போட்டார். அன்று இறக்கத்தில் வந்தவள் அந்த மருந்துக்கடைப் பெண்மணி. முன்டயரில் முள் ஏறி, சைக்கிள் தள்ளாடி, குப்புற விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. ஓடிப்போய்த் தூக்கியதும், ஆட்டோ பிடித்ததும் அவர்தான்.

“நல்லவேளை, நீங்க இருந்தீங்கண்ணே” என்றாள் வலியோடு. அவருக்கு உடம்பே கூசிப்போயிற்று.

அந்த வாரமே அவள் கணவர் பொட்டலத்தோடு வந்தார். “கட்டுப்போட்ட கையோட உட்கார்ந்து என்னை இடிக்க வச்சா. அண்ணனுக்கு மருந்து தீர்ந்திருக்கும்னு ஒரே நச்சரிப்பு.”

அந்தப் பொடி அவர் தொண்டையில் இறங்கவில்லை. பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு அவள் வீட்டுக்குப் போனார்.

“அது நான் போட்ட முள்ளும்மா.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“ஸ்கூல் பிள்ளைங்களும் அந்த வழியாத்தானே போகுது?”

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. “போயிட்டு வாங்க” என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கை கூடும்வரை இலை பறித்துக் கொடுத்தது அவர்தான். புறங்கையெல்லாம் கீறல். பொட்டலமும் தவறாமல் வந்தது, கணவர் கையில்.

பிறகு ஒரு காலை அவளே வந்தாள், நடந்து. அவர் பதறி எழுந்து, அவள் இலை பறிக்கும் பையைப் பிடிக்கலாம் என்று ஓடினார்.

“ஓடாதீங்க. மூச்சு வாங்கும்” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு இலையைப் பறிக்கத் தொடங்கினாள்.