வளைவில் நின்று பார்த்த பாதி மைதானம்

சலீம் நானா இறந்துபோன செய்தி அவர் வீட்டிலிருந்து எனக்கு வரவில்லை. எங்கள் தோட்டத்து உதைபந்தாட்டக் கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு படமாக வந்தது. காலை பத்து மணி இருக்கும். தேயிலை ஸ்டோர் வாசலில் கொழுந்து லொறிக்காக நின்றுகொண்டிருந்தேன். படத்தில் நானா எங்கள் அணியின் மஞ்சள் ஜேர்சியைப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் பன்னிரண்டாம் இலக்கம். கீழே, 'எங்கள் அணியின் தூண் சாய்ந்தது' என்று கொட்டை எழுத்து. உயிரோடு இருந்தவரை அவர் எங்கள் ஜேர்சியைப் போட்டதே இல்லை. நாங்கள் கொடுத்ததும் இல்லை. அவருடைய முகத்தை எடுத்து வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டியிருந்தார்கள். அவர் மைதானத்துக்கு வராமல் இருந்த இரண்டு வருடங்களில் ஒருநாள்கூட அவரைத் தேடிப் போக இவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. செயலாளராகிய எனக்கும் இருக்கவில்லை.

பிறகு கழகத் தலைவர் தொலைபேசியில் வந்தார். "செல்வம், நானாவுக்கு ஒரு நினைவு மலர் போடுறோம். நீங்கதான நெருக்கமா இருந்தீங்க, நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். நானாவை அறிந்த உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? ஆனால் அவரைப் பற்றி நல்லதாக மட்டும் நாலு வார்த்தை எழுதினால் நம்மைப் பற்றியும் நல்லதாக எழுதியதாகிவிடும். அதற்கு எனக்கு மனமில்லை.

அவர் அலுவிகாரையில் மிளகு வியாபாரம் செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தோட்டத்துக்கு வந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுத் தோட்டங்களில் காய்த்த மிளகை வாங்கிப் போவார். ஒரு ஞாயிறு, சாக்கு நிரம்பும்வரை மைதானத்துக் கரையில் சும்மா உட்கார்ந்தவர், ஆட்டம் முடியும்வரை எழும்பவில்லை. அடுத்த வாரம் வியாபாரத்தைக் காலையிலேயே முடித்துக்கொண்டு ஆட்டத்துக்கென்று வந்தார். அதன் பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் அந்தக் கரையில் அவர் இல்லாத ஞாயிறு எனக்கு நினைவில்லை. நோன்பு மாதத்தில்கூட வந்து, எச்சில் விழுங்காமல் கத்திக்கொண்டிருப்பார்.

நம் மைதானம் மலையை வெட்டி எடுத்தது. மேல் கோலுக்கும் கீழ் கோலுக்கும் இடையில் நல்ல சரிவு. நாணயச் சுழற்சியில் ஜெயித்தால் முதல் பாதியில் மேட்டைப் பார்த்து ஆடுவோம். மறுபாதியில் எதிரணி மேடு ஏறிக் களைத்துப்போகும்போது நாம் இறங்கி அடிப்போம். தம்புள்ளையிலிருந்து வரும் அணிகள் சமதரையில் ஆடிப் பழகியவை. எழுபது நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். அப்படி ஒருமுறை நான்கு கோல் போட்டு ஜெயித்தபோது ஊரே ஆடியது. நானா மட்டும் என்னிடம் வந்து, "செல்வம், நீங்க ஜெயிக்கல. மேடு ஜெயிச்சிருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா ஒன்னு, தொண்ணூறாவது நிமிசத்துலயும் நம்ம பயலுக காலு புதுசா இருக்கு. அது மேடு குடுத்தது இல்ல, அவனுக மலையேறிச் சம்பாரிச்சது" என்று சேர்த்தார். எந்த ஆட்டத்துக்கும் அவர் கணிப்பு இப்படித்தான் இருக்கும். ஒரு கையால் எடுத்ததை மறு கையால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று இரண்டு பிரிவுகள். திருவிழாவில் சாமி முதலில் எந்தக் கணக்குக்கு வருவது என்று ஒரு காலத்தில் மண்டை உடைந்தது. ஒரு வருடம் மேலே, ஒரு வருடம் கீழே என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அதே ஏற்பாட்டை அணிக்கும் கொண்டுவந்தோம். ஒரு வருடம் மேல்கணக்கில் ஆறு பேர், கீழ்கணக்கில் ஐந்து பேர். அடுத்த வருடம் மாற்றி. நன்றாக ஆடுகிற ஏழாவது ஆள் இருந்தாலும் கரையில்தான் உட்கார வேண்டும். சாமிக்குச் சரிவந்த ஏற்பாடு பந்துக்கும் சரிவரும் என்று நினைத்தவர்கள் நாம். பட்டியலை எழுதி மைதானத்து மரத்தில் ஒட்டுவது என் வேலை. அதை நீதியான வேலையென்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

நானா தான் போடும் சேட்டில் இரண்டு பக்கமும் பை வைத்துத் தைத்திருப்பார். ஆட்டம் தொடங்கும் முன் இடது பையில் ஒரு பிடி மிளகு போட்டுக்கொள்வார். மேல்கணக்குப் பையனிடமிருந்து கீழ்கணக்குப் பையனுக்கோ, அங்கிருந்து இங்கேயோ பந்து போனால் ஒரு மிளகு இடது பையிலிருந்து வலது பைக்கு மாறும். நாங்கள் இதை வியாபாரிப் புத்தி என்று கேலி செய்தோம். "ஏன் நானா, கோலை எண்ணுங்களேன்" என்று ஒருநாள் கேட்டேன். "கோல எல்லாரும் எண்ணுறீங்களே" என்றார். ஆட்டம் முடிந்ததும் வலது பையில் கைவிட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். எண்ணிக்கையை யாரிடமும் சொல்லமாட்டார்.

ஒருமுறை தம்புள்ளைக்கு ஆடப் போக வான் கிடைக்கவில்லை. நானா தன் மிளகு லொறியைக் கொண்டுவந்தார். சாக்குத் தூசியில் பையன்கள் நாவுல என்ற ஊர் வரைக்கும் தும்மிக்கொண்டே வந்தார்கள். மேல்கணக்கு ஒரு பக்கம், கீழ்கணக்கு மறு பக்கம் என்று வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்கள். அங்கே லொறியை நிறுத்தச் சொல்லி நானா இறங்கிப் பின்னால் வந்தார். "லொறி ஒரு பக்கமா சாயுது. கனமானவன் மெலிஞ்சவன் பாத்து மாறி மாறி உக்காருங்க" என்றார். பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே கலந்து உட்கார்ந்தார்கள். மீதி வழியில் பாட்டும் கூத்துமாகப் போனோம். அன்றைக்குச் சமதரையிலும் ஜெயித்தோம். திரும்பி வரும்போது நானா வலது பையைத் தட்டித் தட்டிக் காட்டினார். அந்த லொறி எந்தப் பக்கமும் சாயவில்லை என்று சாரதி எனக்குச் சொன்னது பல மாதம் கழித்துத்தான். சொன்னபோது நான் சிரித்தேனே தவிர யோசிக்கவில்லை.

பிறகு அந்த இறுதி ஆட்டம். மாத்தளை நகரத்தில், பலகை மாதிரி சமமான மைதானம். ஒன்றுக்கு ஒன்று. முடிய மூன்று நிமிடம் இருக்கும். மேல்கணக்கு ரமேஷ் பந்தோடு நடுவில் வருகிறான். இடது பக்கம் கீழ்கணக்கு சதா தனியாக நிற்கிறான், அவனுக்கும் கோலுக்கும் இடையில் கோல்காப்பாளனைத் தவிர ஆளில்லை. சதா கையைத் தூக்கிக் கத்தியது கரையில் நின்ற எங்களுக்கே கேட்டது. ரமேஷ் அவனைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பின்னால் வந்த தன் லயத்துக்காரனுக்குத் திருப்பினான். எதிரணி பந்தைப் பறித்தது, நாலே உதையில் நம் வலையில் கிடந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் நாம் நடுவரைத் திட்டினோம்.

அடுத்த ஞாயிறு வாசிகசாலையில் கூட்டம். நானா நேரே வந்து, வலது பையிலிருந்ததை மேசையில் வைத்தார். நான்கு மிளகு.

"முழு ஆட்டத்துக்கும் இதான்" என்றார்.

தலைவர் சிரித்தார். "நானாவுக்கு யாவாரத்த விட இது பெரிய வேலையாப் போச்சு."

"சிரிங்க தலைவரே. ஆனா கேளுங்க. நம்ம டீமுக்குக் காலு இருக்கு, மூச்சு இருக்கு. எந்த டீமுக்கும் பயப்படாத நெஞ்சு இருக்கு. பக்கத்துல நிக்கிறவனப் பாக்குற கண்ணு மட்டும் இல்ல. இந்த ஆறு அஞ்ச விட்டுட்டு, நல்லா ஆடுற பதினோரு பேரப் போடுங்க. எல்லாரும் மேல்கணக்கா இருந்தாலும் சரி, எல்லாரும் கீழ்கணக்கா இருந்தாலும் சரி."

அறையில் இரண்டு பக்கமும் முகங்கள் இறுகின. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அதைவிட, அந்தக் கூட்டம் சண்டையில்லாமல் முடிய வேண்டும் என்பது எனக்கு முக்கியமாக இருந்தது. "நானா, இது எங்க தோட்டத்து வெவகாரம். வெளியாளுங்க பேசுற எடம் இது இல்ல" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "சரி செல்வம்" என்றார். மேசையிலிருந்த நான்கு மிளகையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பைப் போடும்போது வழக்கம்போல "அப்ப வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேல்கணக்கும் கீழ்கணக்கும் அன்றைக்கு மட்டும் ஒரே மனதாக எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தன.

அதன் பிறகு அவர் மைதானத்துக்கு வரவில்லை. மிளகு வாங்கவும் வேறு ஆளை அனுப்பினார். கடைவீதியில் இரண்டு மூன்று முறை கண்டேன். "வீட்டுல எல்லாரும் சுகமா? மகளுக்கு வேலை கெடச்சிச்சா?" என்று விசாரித்தார். பந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாயைத் திறந்தால் உதைபந்தைத் தவிர வேறொன்றும் பேசாத மனிதர் என் குடும்பத்தை விசாரித்து முடிக்கும்வரை நான் நெளிந்துகொண்டு நின்றேன். அவர் அதைப் பேசாமல் விட்டது எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. இன்றைக்கு அந்த நிம்மதியை நினைத்தால் என் மேலேயே அருவருப்பு வருகிறது.

செய்தி கிடைத்த அன்று ஸ்டோரில் சொல்லிவிட்டு பஸ் பிடித்து அலுவிகாரைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடைசிப் பிடி மண் போடத்தான் எனக்குக் கிடைத்தது. நம் அணி ஒரு வானில் மஞ்சள் ஜேர்சியோடு வந்து, நானா வீட்டு வாசலில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியது. நான் அந்த வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். நானாவின் மகன் ரிஸ்வான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"வாப்பா ஞாயித்துக்கெழம வேற எங்கயும் போகமாட்டாரு, ஒங்க தோட்டத்துக்குத்தான் வருவாரு" என்றான்.

"அவர் ரெண்டு வருசமா வரல்லியே தம்பி" என்றேன்.

"கிரவுண்டுக்கு வரமாட்டாரு. மேல ரோட்டு வளைவுல வண்டிய நிப்பாட்டிட்டு அங்கருந்து பாப்பாரு. நான்தான் ஓட்டிட்டு வருவேன். அங்கருந்து மேல் கோல் பக்கம் மட்டுந்தான் தெரியும், மத்தப் பாதிய சவுக்கு மரம் மறைச்சிரும். பந்து கீழ எறங்கிருச்சின்னா சத்தத்த வச்சு, 'நம்மளுக்குத்தான் கோல்'னு சொல்லுவாரு. சில நேரம் அது பிழையாப் போகும்."

"கொறயா ஏதாவது சொன்னாரா எங்களப் பத்தி?"

"இல்ல. ஒங்கள ஏன் சொல்லணும்? 'நம்ம டீம்'னுதான் சொல்லுவாரு."

தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

போன ஞாயிறு அவருடைய பெயரில் நினைவு ஆட்டம் வைத்தோம். அதற்கு முந்திய கூட்டத்தில், இந்த ஒரு ஆட்டத்துக்காவது ஆறு ஐந்து பார்க்காமல் அணியைப் போடுவோம் என்று நான் சொன்னேன். இரண்டு வருடம் பிந்திய வீரம். தலைவர், "செத்தவர் பேரச் சொல்லி சண்டையக் கிளப்பாதீங்க செல்வம்" என்றார். கீழ்கணக்கில் ஒருவர், "இந்த வருசம் ஒங்களுக்கு ஆறு, அடுத்த வருசம் எங்களுக்கு ஆறு வரப்போற நேரத்துலயா மாத்தணும்? நீங்க மேல்கணக்கு, அப்பிடித்தான் பேசுவீங்க" என்றார். நான் மேல்கணக்கில் பிறந்தவன்தான். பேனாவை எடுத்து, மேல்கணக்கில் ஆறு பேர், கீழ்கணக்கில் ஐந்து பேர் என்று பட்டியலை எழுதிக் கொடுத்தேன். மேலே 'சலீம் நானா நினைவாக' என்று என் கையாலேயே தலைப்பும் போட்டேன்.

ஆட்டம் தொடங்கும் முன் நான் மைதானத்திலிருந்து நழுவி மேல் ரோட்டு வளைவுக்குப் போனேன். ரிஸ்வான் சொன்னது சரிதான். பாதி மைதானம்தான் தெரிகிறது. ஒலிபெருக்கியில் ஒரு நிமிட மௌனம் என்றார்கள். பையன்கள் தலை குனிந்து நின்றார்கள், லயம் லயமாக, யாரும் சொல்லாமலே பிரிந்து. வளைவிலிருந்து பார்த்தால் ஆறு பேர் மட்டும் தெரிந்தார்கள். மற்ற ஐந்து பேரும் சவுக்கு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும். மௌனம் முடிந்ததும் கரையில் மேல்கணக்குக் கூட்டம் ரமேஷின் பேரைக் கத்தியது. மறைவிலிருந்து கீழ்கணக்குக் கூட்டம் சதாவின் பேரைக் கத்தியது.

நம் அணிக்கு ரசிகர்கள் நிறைய என்று நாம் பேசிக்கொள்கிறோம். ஆறு பேருக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, ஐந்து பேருக்கு ஒரு கூட்டம் இருக்கிறது. பதினொரு பேருக்கும் ரசிகராக ஒரே ஒருவர் இருந்தார். மலரில் இதைப் போட விருப்பமில்லையென்றால் கிழித்துவிடுங்கள். அன்றைக்கு வாசிகசாலைக் கூட்டத்தில் இருந்த உங்களுக்கு இது தெரியும். நானாவின் பொருளென்று ஒன்றும் என்னிடம் இல்லை. அவர் சொன்னவற்றில் பாதியை மறந்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டிருப்பது, அவரிடம் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும்தான்: வெளியாள்.