குளியலறைத் தாழ்ப்பாள்

2009இல் பக்கவாதம் வந்து எனக்கு இடதுபக்கம் வலுவிழந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சிதம்பரம் வீட்டுக்கு வந்ததும், என்னைக் கவனித்துக்கொள்ள ஹோம் கேர் ஆபீஸிலிருந்து குமார் என்பவர் வந்தார். முதல் வேலையாக, சமையலறையை ஒட்டிய குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார்.

"யாரைக் கேட்டுய்யா கழட்டுன?" என்று கத்தினேன்.

"ஆபீஸ் ரூல் மாமா. உள்ள விழுந்துட்டீங்கன்னா கதவ ஒடைச்சிக்கிட்டா வர்றது? சும்மா சாத்திக்கிங்க, நான் வெளிய நிக்கிறேன். ஆனா பேசிக்கிட்டே குளிங்க. பேச்சு நின்னா உள்ள வந்துடுவேன்."

குளிக்கும்போது என்னத்தைப் பேசுவது? முதலில் அவரையே திட்டினேன். திட்டித் தீர்ந்ததும், சிப்காட்டில் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்த கதைகளை ஆரம்பித்தேன். எனக்குப் பதிலாக ஷிப்டுக்குப் போன சண்முகத்துக்கு ஆசிட் தெறித்துக் கண் போனதையும் ஒருநாள் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது அது. நான் நிறுத்தும்போதெல்லாம் குமார் வெளியிலிருந்து, "அப்புறம் மாமா?" என்பார்.

சில மாதங்களில் நான் தேறிவிட, குமார் வேறு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் தனியாகக் குளிக்கப் போனவன், பழக்கத்தில் பேச ஆரம்பித்தேன். கேட்க ஆளில்லையே என்று பாதியில் நிறுத்தினேன்.

"அப்புறம்?"

கதவுக்கு வெளியே, சமையலறையில் என் மனைவி.

"கண்ணு போனப்புறம் சண்முகத்தப் போய்ப் பாத்தீங்களா, இல்லியா? குமாருகிட்ட அத மட்டும் சொல்லவே இல்லியே."

தலையில் ஊற்ற எடுத்த தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, போகவில்லை என்று சொன்னேன்.

அந்தத் தாழ்ப்பாளை நான் திரும்ப மாட்டவில்லை.