களத்து முத்திரையைக் கலைத்தவள் நான்

அண்ணனின் முதலாண்டு நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் அத்தை என்று அண்ணன் மகள் கேட்டபோது முடியாது என்றுதான் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் எதிரில் பேசவும் வராது. ஆனால் பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தலில் ஒரு பெரியவர், "தங்கமான மனுசன்தான். சின்ன வயசுல அந்தக் களத்துத் திருட்டு ஒண்ணுதான் பேர கெடுத்துட்ச்சி" என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஓராண்டாகச் சோறு இறங்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பொன்னேரிக்கு அருகே, ஆரணி ஆற்றை ஒட்டிய சிற்றூரில் அண்ணன் பிறந்தார். எங்கள் தந்தையார் பெரிய வீட்டு நிலத்தில் கூலி. நடை பழகியதிலிருந்து அண்ணனும் அங்கேதான். கிடைக்கும் கூழில் கெட்டியானதை எனக்கு வைத்துவிட்டுத் தெளிந்த நீரைத் தாம் குடிப்பார்.

ஜமீன் ஒழிந்து சில வருடம் ஆகியிருந்த காலம் அது. பெரிய வீட்டாருக்கு அதிகாரம் போயிற்று, முத்திரை மட்டும் போகவில்லை. வாசல் வளைவிலும் பித்தளை அண்டாவிலும் வண்டியிலும் அதே முத்திரை. மேலே ஒரு குடை, கீழே எதிரெதிராகப் பார்க்கும் இரண்டு மீன். களத்தில் நெல்லைக் குவித்ததும் ஈரக் களிமண்ணை அதன் மேல் அப்பி, முத்திரைக் கட்டையால் அழுத்துவார்கள். அளக்கும்வரை யாரும் குவியலில் கை வைக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

அழுத்தும்போதெல்லாம் கணக்குப்பிள்ளை எங்களுக்கு அர்த்தம் சொல்லுவார். "கொடைன்னா ஊருக்கே நெழலு. மீனு ரெண்டும் அண்ணன் தம்பி. மொகம் பாத்துக்கினு இருக்கிற வரைக்கும் வம்சம் ஒடையாது."

அவர் போனதும் தந்தையார், "கொட அவங்களுக்கு, வெயிலு நம்ளுக்கு" என்பார். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அந்த அறுப்பில் குவியலுக்குக் காவல் அண்ணன். அவருக்குப் பதினேழு வயது இருக்கும், எனக்கு ஒன்பது. நடுப்பகலில் கூழ் கொண்டு போனேன். "பாத்துக்கோ, மூஞ்சி கழுவிக்கினு வந்துர்றேன்" என்று வாய்க்காலுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து ஒரு ஆடு குவியலில் ஏறியது. விரட்ட நானும் ஏறினேன். கால் சறுக்கிற்று. முத்திரை பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது.

உதிர்ந்த மண்ணைக் கூழ்த் தண்ணீரில் குழைத்து அப்பி, வைக்கோல் குச்சியால் நானே குடையும் மீனும் வரைந்தேன். அண்ணன் திரும்பி வந்தார்.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்க?"

"ஆடு ஏறிட்ச்சிண்ணா..."

முத்திரையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. அழித்து எழுத நேரமில்லை. கணக்குப்பிள்ளையும் பெரிய முதலாளியும் அளக்க வந்துகொண்டிருந்தார்கள். "கைய கழுவிக்கினு ஓடு. வாயத் தொறந்த, கொன்னுடுவேன்" என்றார்.

நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றேன். என் மீன்கள் இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்திருந்தன. பெரிய வீட்டில் அண்ணனும் தம்பியும் பாகப் பிரிவினைக்குச் சண்டையிட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

"எவன்டா என் வம்சம் பிரியணும்னு எழுதினவன்?" என்று பெரிய முதலாளி கத்தினார்.

"நான்தாங்க" என்றார் அண்ணன்.

"நெல்லு எடுத்தியாடா?"

"இல்லீங்க."

யார் நம்புவார்கள்? களத்திலேயே புளிய மிளாறால் அடித்தார்கள். எண்ண முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இனி ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று பொழுது சாயுமுன் அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். மறுவருடம் எங்கள் தாயார் காலமானார். அப்போதும் ஊருக்குள் விடவில்லை. எல்லை வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்று, பாடை போகும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். பெற்ற மகன் இருக்க, கொள்ளி வைத்தவர் சித்தப்பா. நான் இந்தக் கரையில் நின்றேன். அன்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணம் பேசியபோது சென்னைக்குப் போய் அவரிடம் அழுதேன். "நான் சொல்லிட்றேண்ணா."

"சொல்லி? வர்ற மாப்ள வாசலோட திரும்பிடுவான். எனக்கு ஒரு பேரு வந்தாச்சி, அது ஒண்ணே போதும். ஆனா அஞ்சாவது வரைக்கும் படிச்சியே, ஒரு மீனு வரையத் தெரியலயே ஒனக்கு!" என்று சிரித்தார். அந்தப் பேரால் அவருக்கு மூன்று இடத்தில் பெண் தர மறுத்தார்கள். நாற்பதை நெருங்கித்தான் அண்ணியார் வந்தார். பின்னாளில் கும்மிடிப்பூண்டி இரும்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அடுத்தவர் பொருள் ஒரு ஆணியைக்கூட வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் அவர் காதோரம், "இப்பவாச்சும் சொல்லட்டாண்ணா?" என்று கேட்டேன். மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. சம்மதித்தாரா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் பேச்சை நான் மீறுவது இதுவே முதல் தடவை.

இராப்பகல் பார்க்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் என் நன்றி. பந்தலில் பேசிய பெரியவருக்கும் நன்றி. அவர் பேசியிராவிட்டால் நான் இப்படியே போயிருப்பேன்.

இனி அந்தக் களத்துக் கதையை யாராவது எடுத்தால், அண்ணன் பெயரை விட்டுவிட்டு என் பெயரைச் சொல்லுங்கள். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். என்னிடமே வந்து கேளுங்கள்.