அப்பாவின் முகம்

நேற்று அரியலூர் சந்தையில் கீரைக்காரம்மா ஒரு கட்டு வல்லாரையை நீட்டி, "ஞாபக சக்திக்கு நல்லதுங்க, எடுத்துக்குங்க" என்றாள். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். ஏலாக்குறிச்சியில் எங்கள் அடுப்படி கண்ணில் வந்து நின்றது.

அப்பா பட்டாளத்தோடு பர்மா சண்டைக்குப் போனபோது எனக்கு நான்கு வயது. வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. நான் அவர் முகத்தை மறந்துவிடுவேனோ என்று அம்மாவுக்குப் பயம். வாய்க்கால் ஓரத்தில் கிடைக்கும் கொஞ்சம் வல்லாரையைப் பறித்து வந்து, புளியும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைப்பாள். தான் தொடாமல் அத்தனையையும் எனக்கே ஊட்டுவாள்.

"கசக்குதும்மா."

"பேசாம தின்னு. அப்பாவுக்குத் தழும்பு எங்க இருக்கு, சொல்லு?"

"இடது புருவத்துல."

சண்டை முடிந்த மறு வருடம், தாடியும் எலும்புமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். நான் அவர் புருவத்தைப் பார்த்தேன்.

"அம்மா, அப்பா வந்துட்டாங்க!"

அம்மா ஓடி வந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருங்க நீங்க?" என்று கேட்டாள்.

"நாந்தான் புள்ள."

குரலைக் கேட்டதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாவி, எனக்குத் தெரியாமப் போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"அழாத. கண்ணாடியில பாத்தா எனக்கே என்னத் தெரியல" என்றார் அப்பா.

அன்று அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, அப்படிப் பாக்குற?"

"நீங்க சாப்பிடுங்க. நான் பாத்துக்கிறேன்."