எட்டாகத் தெரிந்த மூன்று

1927 நவம்பர் 14, திங்கட்கிழமை. ஜொகூர் பாருவில் எங்கள் அச்சகத்தை வழக்கம்போல் திறந்தேன். எழுத்துப் பெட்டிகளின் தூசியைத் தட்டி, எழுத்தை வரியாகக் கோக்கும் கம்போசிங் ஸ்டிக்கை எண்ணெய்த் துணியால் துடைத்தேன். இரவு பெய்த மழையில் காகிதக் கட்டுகள் ஈரமேறியிருந்தன. அவற்றைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தேன். பிறகு கல்மேசையைத் துடைக்க, சனிக்கிழமை ஓட்டிய வேலையின் கழிவுத் தாள் ஒன்றை எடுத்தேன்.

அது மருந்துக் கடைக்கு அடித்த லேபிள். வயிற்றுப்போக்குக்குத் தரும் அபின் கலந்த சொட்டு மருந்துக்கானது. குழந்தைகளுக்கு 3 சொட்டு என்று ஆங்கிலத்தில் கோத்தவன் நான். தாளில் இருந்தது 8.

கோத்த எழுத்தைப் போய்ப் பார்த்தேன். 3 தான். லென்ஸ் வைத்துத் தாளைப் பார்த்ததும் 3-இன் திறந்த வாய் மையில் மூடியிருப்பது தெரிந்தது.

எங்களிடம் ஆங்கில எழுத்து இரண்டு வகை இருந்தது. பழையது ஓல்ட் ஃபேஸ். கோடுகளில் சதை உண்டு; செரிஃப் என்கிற கால்நுனிகள் உறுதியானவை. எண்கள் ஒரே உயரத்தில் நிற்காது. 3 வரிக்குக் கீழே இறங்கும், 8 மேலே ஏறும். மை எவ்வளவு அப்பினாலும், நிற்கும் இடமே எந்த எண் என்று சொல்லிவிடும். மருந்துக் கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

"என்னய்யா இது, கள்ளுக்கடையில இருந்து வர்ற கூட்டம் மாதிரி ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கி நிக்குது? ஒழுங்கா நிக்க வை லா," என்றார்.

அதனால் மாடர்ன் ஃபேஸ் போட்டோம். எல்லா எண்ணும் ஒரே உயரம், மயிரிழைக் கோடுகள், 3-இன் இரு முனையிலும் உருண்டை. நல்ல தாளில் எடுத்த சோதனைப் படி, எங்கள் பேச்சில் புரூஃப், அழகாக இருந்தது. லேபிள் ஓடியதோ பசை தடவிய மட்டத் தாளில். ஈரத்தில் மை பரவி, உருண்டைகள் நடுவளைவோடு ஒட்டிவிட்டன. எல்லாத் தாளிலும் இல்லை. எதில் 3, எதில் 8 என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலாளி காதர் சாயபு கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார்.

"எட்டுதான். அலமாக்! எங்கெல்லாம் போயிருக்கு?"

மருந்துக் கடையில் விசாரித்தோம். குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு மட்டும் லேபிள் ஒட்டிய பாட்டில்கள் முந்தின நாள் ரயிலில் போய்விட்டன. தந்தி ஆபீசில், மழையில் அந்தப் பக்கம் கம்பி அறுந்துவிட்டது என்றார்கள்.

"ஓடு சவரி, ரயிலப் புடி," என்றார் முதலாளி. "புள்ளைங்க குடிக்கிற மருந்துடா."

ரயிலில் எதிரே இருந்த பெண் மடியிலிருந்த குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து பார்க்கும் பெரிய டிரெசர் காய்ச்சலில் படுத்திருந்தார். பொறுப்பில் இருந்தவர் புதிதாக வந்த கம்பவுண்டர் சாமுவேல். நான் சொல்லி முடிக்கும்முன் அலமாரியைத் திறந்து பாட்டில்களை எண்ணினார். ஒன்று குறைந்தது.

"காலையில முனியம்மா புள்ளைக்குன்னு வாங்கிட்டுப் போச்சு. எட்டு சொட்டுன்னுதான் சொன்னேன். கொஞ்சம் அதிகமாச்சேன்னு தோணுச்சு. ஆனா அச்சுல இருக்கே. அச்சுல இருக்கறத நான் எப்படி மாத்திச் சொல்றது?"

இருவரும் மழையில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினோம். முனியம்மா கதவருகே கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லாத் தூங்குறான் சாமி. ரெண்டு நாளா இப்படித் தூங்கவே இல்ல."

சாமுவேல் குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தார். கருமணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. மூச்சு வந்தது, நின்றது, வெகுநேரம் கழித்து மறுபடி வந்தது. அவர் முகம் மாறியதை அவள் பார்த்துவிட்டாள்.

"எட்டுதான் விட்டேன் சாமி. எண்ணித்தான் விட்டேன். அளவு பெசகவே இல்ல."

 

சாமுவேல் குழந்தையின் பாதத்தில் அடித்தார், ஈரத்துணியால் முகத்தில் விசிறினார். மூச்சு நின்றபோதெல்லாம் நெஞ்சை அழுத்திவிட்டார். முனியம்மா பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தாள். நான் குழந்தையின் விலாவைப் பார்த்தபடி நின்றேன். அது எழும்பாத நேரங்களில் நானும் மூச்சை விடவில்லை. பொழுது சாயும் நேரத்தில்தான் அவன் முகத்தைச் சுளித்தான். பிறகு வீறிட்டு அழுதான். சாமுவேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

முனியம்மாவிடமும் ஆஸ்பத்திரியிலும் இருந்த பாட்டில்களின் லேபிள்களை நானே சுரண்டி எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். புரூஃபை நல்ல தாளில் எடுத்து அழகு பார்க்காதீர்கள். வேலை எந்தத் தாளில் ஓடுமோ அதிலேயே எடுங்கள். படிக்கப் போகிறவர் அச்சை நம்புகிறவர். சந்தேகப்பட வேண்டியது நாம்.

செவ்வாய்க்கிழமை காலை, பெட்டிகளின் தூசியைத் தட்டவில்லை. முதல் வேலையாக ஓல்ட் ஃபேஸ் எண்ணில் லேபிளைக் கோத்து, ஈரமான மட்டத் தாள் ஒன்றைப் பொறுக்கி, மையை வேண்டுமென்றே அப்பி ஒரு புரூஃப் எடுத்தேன். முதலாளி வாசல்வரை பின்னோக்கி நடந்துபோய் அங்கிருந்து பார்த்தார்.

"மூணு," என்றார்.  "இன்னும் மை போடு."

போட்டேன்.